கைக்குழந்தைக்கு ஹார்ட்டுக்குள்ள கிருமி பிடிச்சா: சந்தேகப்படுறதுல இருந்து வைத்தியம் முடியுற வரைக்கும்

ஹார்ட்ல ஓட்டை இருக்குற கைக்குழந்தைக்கு காய்ச்சல் வந்தா பல வீட்ல முதல் வேலையா என்ன பண்றாங்கன்னா, போன தடவை வாங்கின ஆன்டிபயாட்டிக் சிரப் ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்கும், அத எடுத்து ரெண்டு வேளை ஊத்திர்றாங்க, இல்ல மெடிக்கல்ஸ்ல போயி காய்ச்சல் சளின்னு சொல்லி ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடுறாங்க. ரெண்டு நாள் காய்ச்சல் குறையும், அப்புறம் திரும்ப வரும், திரும்ப ஊத்துவாங்க. இப்படியே மூணு வாரம் ஓடிப்போயி கடைசில எங்ககிட்ட வரும்போது குழந்தை பால் குடிக்காம மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கும். நான் குழந்தைங்க ஹார்ட் வார்டுல நர்ஸ், டாக்டர் கிடையாது, அதனால மருந்தோட அளவு எவ்வளவுன்னு இங்க எழுதப்போறதில்ல, அது குழந்தையோட எடைய வச்சு டாக்டர் கணக்கு பண்ற விஷயம். ஆனா இந்த நோய எப்படி கண்டுபிடிக்கிறாங்க, வைத்தியம் எப்படி போகும், அதுல பெத்தவங்க எந்த இடத்துல உஷாரா இருக்கணும்ங்கிறத எழுத முடியும். முக்கியமா ஒண்ணு, ஆன்டிபயாட்டிக் உள்ள போறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் (ரத்தத்த பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) எடுக்கணும், இந்த நோய்ல மத்த எல்லாமே அதுக்கு மேல தான் நிக்குது.

நோயோட பேரு இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ். ஹார்ட்டோட உள்பக்கம் வழவழன்னு ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, வால்வும் அதே சவ்வால தான் மூடியிருக்கு. ஓட்டை வழியா ரத்தம் வேகமா பீச்சி அடிக்கும்போது அது போயி மோதுற இடத்துல அந்த சவ்வு உரிஞ்சு சொரசொரப்பாகிடும், அந்த எடத்துல தட்டணுவும் ஃபைப்ரினும் (ரத்தம் உறையும்போது வர்ற நார்) படிஞ்சு சின்னதா ஒரு திட்டு உருவாகும். ரத்தத்துல சுத்துற கிருமி ஏதாவது அதுல ஒட்டிக்கிட்டா அதுக்கு நல்ல வீடு கிடைச்ச மாதிரி, உள்ள உக்காந்து பெருகும், மேல மேல ஃபைப்ரின் மூடிக்கும். இதத்தான் வெஜிடேஷன்னு சொல்றாங்க. வால்வுக்குன்னு தனியா ரத்தக்குழாய் பெருசா கிடையாது, அதனால வெள்ளை அணுக்கள் உள்ள நுழைஞ்சு சண்டை போட முடியாது, மருந்தும் மெதுவா தான் ஊறும். சாதா காய்ச்சலுக்கு 5 நாள் மருந்து போதும், இதுக்கு மட்டும் ஏன் 4 வாரம் 6 வாரம்னு கேக்குறவங்களுக்கு பதில் இது தான்.

யாருக்கு வரும்னு பாத்தா கைக்குழந்தைங்கள்ல ரெண்டு கூட்டம். ஒண்ணு பிறவியிலயே ஹார்ட் கோளாறு உள்ளவங்க, விஎஸ்டி (ஹார்ட்டோட கீழ் அறைங்களுக்கு நடுவுல ஓட்டை), டெட்ராலஜி மாதிரி நீலம் பாரிக்கிற வகை, ஷண்ட் (ரத்தம் போக ஆபரேஷன்ல வைக்கிற சின்ன குழாய்) வச்ச குழந்தைங்க, ஓட்டைய அடைக்கிற பேட்சோ செயற்கை வால்வோ வச்சு ஆபரேஷன் ஆனவங்க. சின்ன விஎஸ்டி தானே பயமில்லன்னு நினைக்காதீங்க, சின்ன ஓட்டையில தான் ரத்தம் பீச்சி அடிக்கும். மேல் அறைங்களுக்கு நடுவுல இருக்குற சாதாரண ஓட்டைக்கு (ஏஎஸ்டி) இந்த ரிஸ்க் ரொம்ப கம்மி, அங்க பிரஷர் வித்தியாசம் பெருசா இல்ல. ரெண்டாவது கூட்டம் குறைமாசத்துல பிறந்து என்ஐசியுல (பச்சக்குழந்தைங்க ஐசியு) இருக்குற குழந்தைங்க, இவங்க ஹார்ட் நல்லாவே இருக்கும், ஆனா தொப்புள் லைன், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள்ள விடுற மெல்லிய டியூப்) வழியா நாள்கணக்குல மருந்தும் சத்து நீரும் போகும், அந்த டியூபோட நுனி ஹார்ட்டோட வலதுபக்க சுவத்துல உரசி உரசி புண்ணாகி அதுல கிருமி ஒட்டும். லைன்ல ஸ்டாஃபிலோகாக்கஸ் (சுருக்கமா ஸ்டாஃப்) கிருமி தான் அதிகம், குறைமாசக் குழந்தைங்களுக்கு கேண்டிடாங்கிற பூஞ்சையும் வரும்.

வீட்ல எப்படி சந்தேகப்படுறது? புத்தகத்துல விரல் நுனியில வலிக்கிற முண்டு, நகத்துக்கு அடியில கோடு மாதிரி ரத்தக்கசிவு, கண்ணுக்குள்ள புள்ளின்னு அழகா படம் போட்டிருப்பாங்க. கைக்குழந்தைக்கு அதெல்லாம் வர்றது அபூர்வம், அத தேடிக்கிட்டு உக்காந்தா நேரம் தான் போகும். குழந்தை காட்டுறதெல்லாம் மொட்டையான அறிகுறி: பால் குடிக்க ஆரம்பிச்சு நடுவுல விட்டுடும், குடிக்கும்போது நெத்தி வேர்க்கும், சோர்ந்து கிடக்கும், எடை ஏறாது, வெளுத்துப்போகும். காய்ச்சல் இருக்கலாம், பச்சக்குழந்தைக்கு காய்ச்சலே இல்லாம உடம்பு சில்லுன்னு ஆகுறதும் இதே மாதிரி ஆபத்து தான். கைய வச்சு பாக்குறதெல்லாம் வேலைக்காகாது, அக்குள்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சு நம்பர எழுதி வைங்க. மூணு மாசத்துக்கு கீழ உள்ள எந்த குழந்தைக்கும் 100.4 தாண்டினா, ஹார்ட் கோளாறு இருக்கோ இல்லையோ, அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஹார்ட் கோளாறு உள்ள குழந்தைக்கு வயசு எதுவானாலும், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ வந்து வந்து போனாலோ, கார்டியாலஜி டாக்டருக்கு போன் போடுங்க. எடைக்கு ஏத்த பாராசிட்டமால் டாக்டர் சொன்ன அளவுல குடுக்கலாம், அதனால கல்ச்சர் கெடாது. ஆன்டிபயாட்டிக் தான் கெடுக்கும்.

மூச்ச எண்ணத் தெரிஞ்சு வச்சுக்குங்க. குழந்தை அழாம இருக்கும்போது சட்டைய தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது கைக்குழந்தைக்கு சரிவராது, அது விட்டு விட்டு மூச்சு விடும். ரெண்டு மாசத்துக்கு கீழ 60, அதுக்கு மேல ஒரு வயசு வரைக்கும் 50, இந்த அளவுக்கு வந்துட்டாலோ தாண்டினாலோ வேகம் ஜாஸ்தி. நெஞ்சுக்கூட்டுக்கு கீழ குழி விழுறது, முனகுறது, உதடு நீலமாகுறது, ஃபிட்ஸ், ஒரு பக்க கை காலு மட்டும் அசையாம இருக்குறது, கூப்பிட்டா கண்ண திறக்காம கிடக்குறது, இதுல எது வந்தாலும் வெய்ட் பண்ணாம 108.

ஆஸ்பத்திரிக்கு போனதும் முதல் வார்த்தையா சொல்ல வேண்டியது ரெண்டு: குழந்தைக்கு என்ன ஹார்ட் கோளாறு, கடைசி ஒரு மாசத்துல என்னென்ன ஆன்டிபயாட்டிக் போச்சு. பாட்டில கையோட கொண்டு வாங்க, ரோஸ் கலர் மருந்துன்னு சொன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. வெளிய இருந்து ரெஃபர் ஆகி வர்ற கேஸ்ல லெட்டர பாத்தா எரிச்சலா வரும், ஊசி 4 நாள் போடப்பட்டதுன்னு இருக்கும், எந்த ஊசி, கடைசி டோஸ் எப்ப, அதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாங்களான்னு ஒரு வரி இருக்காது. அங்க இருந்து கிளம்பும்போதே இந்த மூணையும் கேட்டு ஒரு பேப்பர்ல வாங்கிக்குங்க.

இப்ப கல்ச்சர் கதை. கைக்குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் 1 முதல் 3 மில்லி ரத்தம் எடுப்போம், வேற வேற இடத்துல குத்தி மூணு தடவை. இதுல தான் பெத்தவங்களுக்கும் எங்களுக்கும் தகராறு வரும், இத்துனூண்டு குழந்தைக்கு மூணு குத்தான்னு. 3 கிலோ குழந்தைக்கு உடம்புல கிட்டத்தட்ட 240 மில்லி ரத்தம் இருக்கு, ஒரு தடவைக்கு 1 மில்லின்னு மூணு தடவை எடுத்தாலும் 3 மில்லி தான், தாங்கும். ஏன் மூணுன்னா, தோல்ல சாதாரணமா வாழுற ஸ்டாஃப் எபிடெர்மிடிஸ் மாதிரி கிருமிங்க ஊசி குத்தும்போது பாட்டில்ல விழுந்துடும், ஒரு பாட்டில்ல மட்டும் வளந்தா அது தோல்ல இருந்து வந்ததா ஹார்ட்ல இருந்து வந்ததான்னு சொல்லவே முடியாது. தனித்தனியா குத்தின மூணுலயும் அதே கிருமி வளந்தா அப்புறம் பேச்சே இல்ல. அதனால தான் ஏற்கனவே போட்ட லைன்ல இருந்தே மூணையும் இழுத்துடக்கூடாது, அது லைன்ல ஒட்டியிருக்குற கிருமியவும் சேத்து காட்டும்.

எடுக்குற விதத்துலயும் பாதி விஷயம் இருக்கு. தோல குளோர்ஹெக்சிடினோ ஸ்பிரிட்டோ வச்சு துடைச்சிட்டு அது தானா காயணும், ஊதி காய வைக்கிறது, துடைச்ச இடத்த திரும்ப விரலால தடவி நரம்பு தேடுறது ரெண்டும் தப்பு. பாட்டில் மூடிய கழட்டினதும் மேல இருக்குற ரப்பரையும் ஸ்பிரிட் பஞ்சால துடைக்கணும், பலபேரு புது பாட்டில் தானேன்னு அத விட்டுடுவாங்க. அரை மில்லி மட்டும் போட்டா கிருமி இருந்தும் வளராம போக வாய்ப்பு அதிகம். லேபிள்ல வலது கை, இடது கால், மணி எத்தனைன்னு எழுதணும். ஜூனியர் சிஸ்டருங்களுக்கு நான் தினம் சொல்றது இது: பாட்டில் நம்பர் எழுதினா பத்தாது, எங்க குத்தினோம்னு எழுதினா தான் ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் பாக்குற டாக்டருக்கு உபயோகம்.

குழந்தை ரொம்ப மோசமா இருந்தா இந்த மூணையும் கொஞ்ச நேரத்துக்குள்ள அடுத்தடுத்து எடுத்துட்டு உடனே மருந்து ஆரம்பிச்சிடுவாங்க, ரிசல்ட்டுக்காக காத்திருக்க மாட்டாங்க. குழந்தை ஸ்டெடியா இருந்து, ஏற்கனவே வெளிய ஆன்டிபயாட்டிக் போயிருந்தா நிலைமை வேற, டாக்டர் வேணும்னே மருந்த நிறுத்தி ரெண்டு நாள் விட்டு திரும்ப கல்ச்சர் எடுக்க சொல்லலாம். அட்மிட் பண்ணி ரெண்டு நாளா ஒரு ஊசி கூட போடலன்னு அப்ப சண்டை வரும். எந்த கிருமின்னு தெரியாம 6 வாரம் குத்துமதிப்பா வைத்தியம் பண்றத விட இந்த ரெண்டு நாள் காத்திருப்பு குழந்தைக்கு நல்லது. கல்ச்சர்ல ஒண்ணும் வளராத எண்டோகார்டைட்டிஸுக்கு பெரிய காரணமே முன்னாடியே போன ஆன்டிபயாட்டிக் தான்.

அடுத்தது எக்கோ, அதாவது ஹார்ட்டுக்கு எடுக்குற ஸ்கேன். கைக்குழந்தைக்கு நெஞ்சு மெலிசா இருக்குறதால மேல வச்சு பாக்குற சாதா எக்கோவுலயே படம் நல்லா தெரியும், பெரியவங்களுக்கு மாதிரி தொண்டை வழியா குழாய் விட்டு பாக்குறது தேவைப்படுறது கம்மி. அழுதா படம் ஆடும், அதனால பால் குடுத்து தூங்க வச்சு கூட்டிட்டு வர சொல்வாங்க, தேவைப்பட்டா தூக்க மருந்து குடுப்பாங்க, அப்படின்னா எத்தனை மணி நேரம் பால் நிறுத்தணும்னு கேட்டுக்குங்க. வால்வுலயோ ஓட்டை ஓரத்துலயோ ஒட்டிக்கிட்டு ரத்தம் போற போக்குல படபடன்னு ஆடுற சின்ன திட்டு தான் அவங்க தேடுறது, அதோட வால்வு புதுசா லீக் ஆகுதா, பக்கத்துல சீழ் கட்டியிருக்கான்னும் பாப்பாங்க. முதல் எக்கோ நார்மல்னு வந்தா சந்தோஷப்பட்டு கிளம்பிடாதீங்க, ஆரம்பத்துல திட்டு கண்ணுக்கு தெரியாத சைஸ்ல இருக்கும், சந்தேகம் தீரலன்னா 5 முதல் 7 நாள் கழிச்சு திரும்ப எடுப்பாங்க. லைன் போட்ட குழந்தைக்கு டியூப் நுனியில வெறும் ரத்தக்கட்டி கூட இதே மாதிரி தெரியும், அப்ப கல்ச்சர வச்சு தான் முடிவு.

எல்லாத்தையும் சேத்து வச்சு எடை போட டியூக் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, 1994ல வந்தது, 2000லயும் 2023லயும் திருத்தினாங்க. தனித்தனி கல்ச்சர்ல அதே கிருமி வளர்றது ஒரு பெரிய அடையாளம், எக்கோல தெரியுறது இன்னொண்ணு. ஹார்ட் கோளாறு, 38 டிகிரி செல்சியஸ் அதாவது 100.4 காய்ச்சல், கிருமிக்கட்டி பிச்சுக்கிட்டு போயி வேற இடத்துல அடைச்சது இதெல்லாம் சின்ன அடையாளம். ரெண்டு பெருசு, இல்ல ஒரு பெருசும் மூணு சின்னதும், இல்ல அஞ்சு சின்னது இருந்தா உறுதி. இந்த அளவுகோல் பெரியவங்கள மனசுல வச்சு போட்டது, பச்சக்குழந்தைக்கு அப்படியே பொருந்தாது, அதனால மார்க் வரலன்னாலும் டாக்டர் சந்தேகத்துலயே வைத்தியம் தொடரலாம். சிஆர்பி (உடம்புல கிருமி தொற்று, அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்), தட்டணு, ஹீமோகுளோபின், யூரின்ல ரத்த அணு எல்லாம் கூட பாப்பாங்க, பச்சக்குழந்தையா இருந்தா முதுகுத்தண்டு நீரும் எடுக்க வேண்டி வரலாம்.

வைத்தியத்துக்கு வருவோம். ஊசி மருந்து தான், அதுவும் நரம்பு வழியா. பெரியவங்களுக்கு சில இடத்துல கடைசி வாரங்கள மாத்திரைக்கு மாத்துறாங்க, அத கேள்விப்பட்டு சிரப் எழுதிக்குடுங்க வீட்டுக்கு போறோம்னு கேக்காதீங்க, கைக்குழந்தைக்கு குடல்ல எவ்வளவு ஏறும்னு நம்ப முடியாது. கிருமி தெரியுற வரைக்கும் பரவலா அடிக்கிற மருந்து போகும், தெரிஞ்சதும் அதுக்குன்னே உள்ளதுக்கு மாத்துவாங்க. பெனிசிலினுக்கு அடங்குற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னா பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ 4 வாரம், சாதா ஸ்டாஃப் ஆரியஸ்னா குளோக்சாசிலின் வகை 4 முதல் 6 வாரம், அந்த வகைக்கு அடங்காத ஸ்டாஃப், அதாவது எம்ஆர்எஸ்ஏன்னா வான்கோமைசின் 6 வாரம், என்டெரோகாக்கஸ்னா ஆம்பிசிலினோட ஜென்டாமைசின் சேத்து, பூஞ்சைன்னா ஆம்போடெரிசின், கூட பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சும் வரும். செயற்கை வால்வு இருந்தா குறைஞ்சது 6 வாரம். பிறந்து 28 நாளுக்குள்ள இருக்குற குழந்தைக்கு கால்சியம் கலந்த ட்ரிப் போயிட்டிருந்தா செஃப்ட்ரியாக்சோன் போடவே கூடாது, ரெண்டும் சேந்து உடம்புக்குள்ள படிவமாகிடும், பச்சக்குழந்தை வார்டுல வேலை செய்யுறவங்க இத மனப்பாடமா வச்சிருக்கணும்.

இந்த வாரக்கணக்கு எப்ப இருந்து ஆரம்பிக்குதுன்னு நிறைய பேருக்கு தெரியுறதில்ல. மருந்து ஆரம்பிச்ச பிறகும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை கல்ச்சர் எடுத்துக்கிட்டே இருப்பாங்க, கிருமி வளராத முதல் கல்ச்சர் எந்த நாள் எடுத்ததோ அது தான் முதல் நாள். 1ஆம் தேதி அட்மிஷன் ஆகி 8ஆம் தேதி எடுத்தது தான் முதல்ல சுத்தமா வந்துச்சுன்னா 6 வாரம் 8ல இருந்து ஓடும், 1ல இருந்து இல்ல. இது தெரியாம வீட்ல கணக்கு போட்டு வச்சு, அந்த தேதிக்கு காரு சொல்லி வச்சு, டாக்டர் இன்னும் ஒரு வாரம்னு சொன்னதும் பில்லுக்காக இழுக்குறாங்கன்னு கோவப்படுறவங்கள பாத்திருக்கேன். முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதி என்னன்னு கேட்டு போன்ல போட்டு வச்சுக்குங்க.

இத்தன நாள் குத்துறதுக்கு கையில போடுற சாதா வென்ஃப்ளான் தாங்காது, அதனால பிக் லைன் மாதிரி நீளமான லைன் போடுவாங்க. நோயே ஒரு பழைய லைன்ல இருந்து வந்ததுன்னா முதல்ல அத எடுத்தாகணும், அத உள்ள வச்சுக்கிட்டு மருந்து ஊத்துறது வீண். புது லைன்ல ஒவ்வொரு தடவை மருந்து ஏத்தும் முன்னாடியும் அந்த மூடிய ஸ்பிரிட் பஞ்சால 15 செகண்டாவது தேய்க்கணும், நாங்க அவசரத்துல விட்டா தயங்காம சொல்லுங்க, நல்ல சிஸ்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. குழந்தைய தூக்குறவங்க எல்லாரும் கை கழுவணும், பாக்க வர்ற சொந்தக்காரங்கள வாசல்லயே நிறுத்துங்க, அத்தை கோவிச்சாலும் பரவால்ல.

தினமும் ஒரே நேரத்துல, ஒரே தராசுல, டயப்பர் இல்லாம எடை பாப்போம். திடீர்னு ஒரே நாள்ல 100 கிராம் ஏறினா அது சதை இல்ல, நீர் சேருது, ஹார்ட் திணறுதுன்னு அர்த்தம் இருக்கலாம். மெதுவா நல்லபடியா ஏறினாலும் மருந்து டோஸ ஏத்தணும், ஒன்றரை மாசத்துல கைக்குழந்தை நல்லாவே வளந்துடும். வான்கோமைசின், ஜென்டாமைசின் போகும்போது ரத்தத்துல மருந்து லெவல், கிட்னிக்கு கிரியாட்டினின் பாப்பாங்க, யூரின் குறைஞ்சா உடனே சொல்லுங்க, நாங்க டயப்பரயே எடை போட்டு கணக்கு வைக்கிறது அதுக்கு தான், அதனால ஈர டயப்பர குப்பையில போட்டுடாதீங்க. பால் குடிச்சு களைச்சா பீய்ச்சின தாய்ப்பால மூக்கு டியூப்ல குடுக்கலாம். டியூப் போட்டா பழகிடும்னு பயப்படாதீங்க, மூச்சு வாங்குற குழந்தைக்கு குடிக்கிறதே பெரிய உழைப்பு.

படுக்கை பக்கத்துல இருக்குற அம்மாவுக்கு எங்கள விட சில விஷயம் முன்னாடி தெரியும். வெஜிடேஷன்ல இருந்து துணுக்கு பிச்சுக்கிட்டு போனா எங்க வேணா அடைக்கும். வலதுபக்கம்னா நுரையீரலுக்கு போயி திடீர்னு மூச்சு திணறும், இடதுபக்கமோ ஓட்டை வழியாவோ போச்சுன்னா மூளைக்கு, அப்ப ஃபிட்ஸ், உச்சிக்குழி வீங்குறது, ஒரு கைய மட்டும் ஆட்டாம வைக்கிறது. காலுக்கு போனா பாதம் சில்லுன்னு வெளுக்கும். டயப்பர் மாத்தும்போது மட்டும் வீறிட்டு அழுதா எலும்புலயோ இடுப்பு மூட்டுலயோ கிருமி இறங்கியிருக்கலாம், இது டாக்டர் ரவுண்ட்ஸ்ல தெரியவே தெரியாது, நீங்க சொன்னா தான். ஷண்ட் வச்ச குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு திடீர்னு இறங்கினா ஷண்ட் அடைக்குதான்னு பாக்கணும், அதுக்கு ஒரு நிமிஷம் கூட காத்திருக்கக்கூடாது.

எப்ப ஆபரேஷன்? வால்வு கிழிஞ்சு லீக்காகி மருந்துக்கு அடங்காத ஹார்ட் ஃபெயிலியர், சரியான மருந்து ஒரு வாரம் போயும் கல்ச்சர்ல கிருமி நிக்கிறது, சீழ்க்கட்டி, இசிஜில துடிப்பு தடைபடுறது, பூஞ்சை, துணுக்கு திரும்ப திரும்ப பிச்சுக்கிட்டு போறது, பெருசா ஆடுற வெஜிடேஷன், இதுல எதுவும் வந்தா சர்ஜன கூப்பிடுவாங்க. 6 வாரம் முடியட்டும் அப்புறம் பாக்கலாம்னு நாம சொல்ல முடியாது, சில நேரம் கிருமி இருக்கும்போதே திறந்தாகணும். 1 கிலோ குறைமாசக் குழந்தைக்கு அந்த ஆபரேஷனே பெரிய ஆபத்துங்கிறதால, சிலருக்கு மருந்தையே நீட்டி பாப்பாங்க. பணத்த பொறுத்தவரை, தமிழ்நாட்ல இருக்குறவங்க முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா அட்மிஷன் அன்னைக்கே கவுண்டர்ல காட்டுங்க, ஆபரேஷன் முடிவான பிறகு ஓடினா பேப்பர் வேலைக்கே நாள் போயிடும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு எக்கோ எடுத்து அத கையில வாங்கிக்குங்க, அடுத்து எப்ப சந்தேகம் வந்தாலும் அதோட தான் ஒப்பிட்டு பாப்பாங்க. ஜென்டாமைசினோ வான்கோமைசினோ போன குழந்தைக்கு காது டெஸ்ட் கேட்டு வாங்குங்க. வந்த கிருமி, போட்ட மருந்து, முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதி, மருந்து முடிஞ்ச தேதி, இத ஒரு அட்டையில எழுதி தடுப்பூசி கார்டோட வச்சுக்குங்க. முதல் சில மாசத்துக்குள்ள திரும்ப வர வாய்ப்பு இருக்கு, காய்ச்சல் வந்தா பக்கத்து கிளினிக்ல முதல்ல அந்த அட்டைய நீட்டி, மருந்துக்கு முன்னாடி கல்ச்சர் எடுக்கணும்னு சொல்லுங்க.

பல்லு முளைக்கும் முன்னாடியே ஈறுகள ஈரத்துணியால துடைச்சு பழக்குங்க, முளைச்சதும் அரிசி சைஸுக்கு பேஸ்ட் வச்சு தேய்க்கணும், ராத்திரி பால் பாட்டிலோட தூங்க விடாதீங்க, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்துக்குள்ள நுழைய வாய் தான் வழி. ஏற்கனவே இந்த நோய் வந்த குழந்தைக்கு பல்லு ஈறுல கை வைக்கிற வேலை எதுவா இருந்தாலும் 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி ஒரே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் குடுக்கணும், பொதுவா அமாக்சிசிலின், அத டாக்டர் எழுதித்தரணும். தொப்புள்ல எண்ணெய், சாம்பல்னு எதையும் வைக்காதீங்க. காதுகுத்து வச்சிருந்தீங்கன்னா மருந்து முடிஞ்சு கார்டியாலஜி டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தள்ளிப்போடுங்க, சொன்ன பிறகும் புது ஊசி, சுத்தம் பண்ணின கம்மல், காது சிவந்து நீர் வடிஞ்சா அன்னைக்கே காட்டுறது. மொட்டை அடிக்கிறதா இருந்தா குழந்தைக்குன்னு புது பிளேடு கேளுங்க.